மிஸ் டெல்மா ஏணியில் இறங்குகிறார்

எங்கள் நகராட்சியில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு நாற்பது நாளைக்கு ஒரு பழைய ஹாலிவுட் நடிகையை அனுப்பிவைப்பார்கள். தடுப்பூசி அட்டையோடு அதற்கும் ஒரு சீட்டு தருவார்கள். எங்களுக்கு மிஸ் டெல்மா வேரிங் வந்தார்.

கருப்பு வெள்ளைதான். முதல் நாளே என் மாமியார் அவர் கன்னத்தில் மஞ்சள் பூசிப் பார்த்தார். அதுவும் சாம்பலாகத்தான் தெரிந்தது.

"ஒட்டவே மாட்டேங்கு. ஆனா என்ன லட்சணம்ட்டி!"

நடிகைகளுக்குப் படிக்கட்டில் இறங்கினால்தான் நாள் தொடங்கும். எங்கள் வீட்டில் படிக்கட்டு கிடையாது. வெள்ளையடிக்கிற செல்லையாவிடம் ஏணியை வாங்கிப் பரணில் சாத்தினோம். காலை ஏழு மணிக்கு மிஸ் டெல்மா பரணிலிருந்து இறங்குவார். ஒரு கை ஏணியில், பார்வை எங்கோ தூரத்தில். அவர் தரைக்கு வருவதற்குள் பால் பொங்கி வழிந்துவிடும். யாரும் அடுப்புப் பக்கம் திரும்ப மாட்டோம். பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். கான்வென்ட் பழக்கம், நான் எழுந்து நின்று "குட்மார்னிங் மிஸ்" என்பேன்.

அவர் இங்கிலீஷ்தான் பேசுவார். பேசும்போது இடுப்புக்குக் கீழே வெள்ளை எழுத்தில் தமிழ் ஓடும். அத்தை கண்ணாடி போடுவதற்குள் மறைந்துவிடும்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்லுட்டி."

வெள்ளைக் கவுனில் எழுத்து தெரியவில்லை என்று அத்தை தன் அரக்குச் சேலையை அவருக்குக் கட்டிவிட்டார். கட்டியதும் அது கருப்பாகிவிட்டது.

பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் மிஸ் டெல்மாதான். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் அவனைக் கிடத்துவார். எங்கிருந்தோ அவர் இடது கன்னத்தில் மட்டும் வெளிச்சம் விழும். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பெற்றவள் நான், ஒரு நாள்கூடக் குளிப்பாட்டியதில்லை. கழுத்து நிற்காத பிள்ளை, எண்ணெய்க் கை. வழுக்கிவிட்டால்? அத்தைக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. நாற்பத்தோராம் நாள் நான்தான் செய்தாக வேண்டும்.

நாற்பதாம் நாள் கேட்டேன்.

"உங்களுக்குப் பயமே இல்லையா மிஸ்?"

மிஸ் டெல்மா தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். அப்படித் திரும்புவதற்கே அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். பிறகு எழுத்து ஓடியது.

"ஒவ்வொரு ஷாட்டிலும் என் கை நடுங்கும். அதனால்தான் கையில் எதையாவது கொடுத்துவைப்பார்கள். விசிறி, கையுறை, ரோஜா. பிடித்துக்கொண்டால் நடுக்கம் வெளியே தெரியாது."

இந்தத் தடவை அத்தை முழுவதும் படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெந்நீர் போடப் போனார்.

மறுநாள் காலையில் நகராட்சி ஊழியர் சைக்கிளில் வந்தார். அடுத்து ரயில்வே காலனியாம், இரட்டைப் பிள்ளை. மிஸ் டெல்மா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு துளி நின்றது, ஒன்றே ஒன்று. தெருமுனை திரும்பும்வரை அது விழவில்லை.

"சேலைய வாங்காம விட்டுட்டியேட்டி!" என்றார் அத்தை.

நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். கை நடுங்கியது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். முதல் சொம்பு ஊற்றியதும் வீரிட்டு அழுதான். எனக்கு உயிரே போய்விட்டது. அப்படியே அத்தை கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது அவன் தொப்புளுக்குக் கீழே வெள்ளை எழுத்து ஓடியது. அத்தை கண்ணாடியைத் தேடினார். அதற்குள் நான் படித்துவிட்டேன்.

"தண்ணீர் கொஞ்சம் சூடு."

அரைச் சொம்பு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினேன்.