இருபத்தோராம் வரி

ஐந்து வருடம் இலக்கியம் படித்து, இரண்டு பட்டம் வாங்கி, அதில் ஒன்றுக்குப் பதக்கமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவள், ஒரே ஒரு பழைய நூலைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்ததில்லை. இந்தச் சங்கதி அவளுக்கு உறைத்தது, சம்பளத்துக்குப் போன இடத்தில்.

வீட்டில் அவள் சின்னவள். அவள் அக்கா பெரியவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சின்னவள்தான். அவள் மிதிப்பதற்காகப் பெரியவள் பத்தாம் வகுப்போடு நின்று தையல் ஆலைக்குப் போனாள். இதை யாரும் வீட்டில் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால்கூடச் சின்னவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சின்னவள் வேலை பார்த்தது பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் ஓர் அலுவலகத்தில். இரண்டாம் மாடி. கீழே இரும்புக் கடை என்பதால் நாள் முழுக்க எவனோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். இடப்பக்கத் திரையில் படம் எடுத்த பழைய தாள் இருக்கும். வலப்பக்கத் திரையில் இயந்திரம் அதைப் பார்த்து எழுதியது இருக்கும். இயந்திரம் பூச்சி அரித்த ஓட்டையையும் எழுத்தென்று படித்து வைக்கும். அதையெல்லாம் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒரு புத்தகத்தை எட்டுப் பெண்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். மேற்பார்வையாளருக்குக் 'கமா' என்று பெயர் வைத்திருந்தார்கள், எந்த வாக்கியத்தையும் அவர் முடித்துக் கேட்டவர் இல்லை என்பதால்.

அன்றைக்கு அவள் பங்குக்கு வந்தது ஒரு பழைய காவியம். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கத்தை இயந்திரம் ஓரளவு ஒழுங்காகவே எழுதியிருந்தது. கண்ணை ஓட்டி, நாலு எழுத்தைத் திருத்தி, தள்ளிவிட்டாள். மூன்றாம் பக்கம் வந்ததும் உதடு தானாக முணுமுணுத்தது. எட்டாம் வகுப்பு மனப்பாடப் பகுதி. இருபது வரி. எட்டாம் வகுப்பு படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கணவன் பிரிந்து போகிறான், மனைவி ஏழு வருடம் காத்திருக்கிறாள், ஒருநாள் வாசலில் காலடிச் சத்தம்.

*விரல்தேய எண்ணிய வேனில் ஏழும்
கழிந்தபின் வந்த காலடி கேட்டுக்
கைவிளக்கு ஏந்திக் கதவம் திறந்தனள்.*

பாடப்புத்தகத்தில் இதோடு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, 'இப்பாடலால் நீ அறியும் நீதி யாது?' விடை: பொறுமை. இரண்டு மதிப்பெண்.

தாளில் கோடு இல்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

*முகத்தெதிர் சுடரை உயர்த்தினள் நோக்கி,
'வழிச்செல் வார்க்கென வைத்தஇவ் விளக்கம்
நினக்கென வைத்திலென், ஒளியுள போழ்தே
ஏகுக' என்றனள், இமைத்திலள், பின்னர்க்
கதவடைத் தனளே காரிகை தானே.*

விளக்கை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள். 'இது வழியில் போகிறவர்களுக்காக வைத்த விளக்கு, உனக்காக வைக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு' என்கிறாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கதவைச் சாத்திவிடுகிறாள்.

சின்னவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா, எழுத்து தெரியலையா, இல்ல ஸ்கேன் சரியில்லன்னா..." என்று வந்து நின்றார் கமா.

"தெரியுது சார். இத்தனை வருஷமா தெரியாம இருந்தது, இப்பத்தான் தெரியுது."

அவருக்கு விளங்கவில்லை. அவளுக்குக் காது மடல் கொதித்தது. கல்லூரியில் இந்தக் காவியத்துக்கு என்ன மரியாதை நடந்தது? பேராசிரியர் பழுப்பேறிய நோட்டைப் பார்த்துச் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த நோட்டு அவருடைய பேராசிரியர் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. கதைச் சுருக்கம் ஒரு பக்கம், பாத்திரப் படைப்பு இரண்டு பக்கம், உவமைகள் ஐந்து. மூல நூல் நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி கேட்டால், "பரீட்சைக்கு அது வேண்டாம்மா, குழப்பிடும்" என்பார் நூலகர். அவளும் சரியென்று திரும்பி வந்தவள்தான். திரும்பி வந்து, 'காத்திருத்தலின் மேன்மை' என்று பதினாறு பக்கக் கட்டுரை எழுதினாள். அந்தக் கட்டுரைக்குத்தான் பதக்கம்.

அதைச் சத்தம் போட்டுப் படித்துப் பழகியது, தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவள் முன்னால். பெரியவளின் கணவர் வெளியூர் வேலைக்கென்று போய் அப்போது ஆறு மாதம். பிறகு ஃபோன் நின்றது, எண் மாறியது. நாலு வருடம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பெரியவள் அவர் வீட்டைக் காலி செய்து, தனியாக வாடகைக்கு வீடு பிடித்து, அம்மாவையும் தங்கையையும் கூட்டி வைத்துக்கொண்டாள். ஆலையில் நாற்பது பேருக்கு மேற்பார்வையாளராகவும் ஆனாள். எப்போதாவது மனசு கனத்தால், "அந்தக் கட்டுரையைப் படிடி" என்பாள். சின்னவள் படிப்பாள். பெருமையாக.

போன மாதம் அவர் முளைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகப் போவதாகத் தகவல் அனுப்பினார். அங்கே நாலு வருடம் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான். அதைப் பேசி முடிக்க இன்று சாயங்காலம் வீட்டில் ஆட்கள் வருகிறார்கள்.

சின்னவள் மூன்று பக்கத்தையும் அச்செடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக் கூடத்தில் நாலு நாற்காலி. இரண்டில் பெரியப்பாவும், பெரியவளின் நாத்தனாரும். அம்மா சுவரோரமாக, யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் ஆலைச் சீருடையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் அளவு நாடா.

"ஆம்பளைன்னா நாலு இடம் போவான், வருவான்," என்றாள் நாத்தனார். "என் தம்பி திரும்பி வர்றேன்னு சொல்றானே, அதுவே பெரிசு. ஊர்ல எத்தனை பேரு திரும்பியே வர்றதில்ல."

"திரும்பி வராதவங்களுக்கு ஒரு சங்கம் வச்சு, உங்க தம்பிய தலைவரா போட்டிருக்கலாம் அண்ணி," என்றாள் சின்னவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"வந்துட்டா. படிச்ச வாய்."

பெரியப்பா கையை உயர்த்தி இருவரையும் அமர்த்தினார். அரசு அலுவலகத்தில் கோப்பு அடுக்கி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். அப்பா போன பிறகு அவர் சொல்லை யாரும் தட்டியதில்லை.

"சண்ட வேணாம். பெரியவளே, உனக்குத் தெரியாததா? எட்டாவதுல படிச்சோமே," என்று தொண்டையைச் செருமிக்கொண்டு இராகத்தோடு தொடங்கினார். அவருக்குக் குரல் நன்றாகவே இருந்தது. 'விரல்தேய' என்ற இடத்தில் ஓர் இழுப்பு, 'கதவம் திறந்தனள்' என்று முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ ஏழு வருஷம். உனக்கு நாலுதானே கண்ணு."

"அடுத்த வரி சொல்லுங்க பெரியப்பா," என்றாள் சின்னவள்.

"அடுத்த வரியா? அவ்வளவுதான்."

"பாடப்புத்தகத்துல அவ்வளவுதான். பாட்டுல இருக்கு." பையிலிருந்து தாள்களை உருவி, நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு அர்த்தமும் சொன்னாள். கதவு சாத்திய இடத்தில் குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்தது.



"இது இவளே எழுதினது," என்றாள் நாத்தனார்.

"எனக்கு அவ்வளவு வராது அண்ணி. வந்தா நான் ஏன் அங்க எழுத்து பொறுக்குறேன்?"

பெரியப்பா யோசித்தார். "அதெல்லாம் பிற்காலத்துல எவனாவது சேர்த்திருப்பான்மா. பெரியவங்க யோசிக்காமலா அந்த இடத்தோட நிறுத்தியிருப்பாங்க?"

"யோசிச்சுத்தான் நிறுத்தியிருக்காங்க, அதான் எனக்கு வயிறு எரியுது," என்று பிடித்துக்கொண்டாள் சின்னவள். "எத்தனை லட்சம் பிள்ளைங்க பெரியப்பா? கதவைத் திறந்து நிக்கிறவளை எல்லாருக்கும் காட்டிட்டு, அவ வாயைத் திறக்கும்போது கோடு போட்டுட்டாங்க. ரெண்டு மார்க்குக்கு நாங்களும் பொறுமைன்னு எழுதிட்டு வந்தோம். அவ சொன்னத அவ வாயாலயே கேட்க விடல, நோட்ஸ் போட்டவன் சொன்னதத்தான் கேட்டோம். எம்.ஏ. வரைக்கும். ஒருத்தராவது மூலத்தைத் திறந்து பாருடின்னு சொல்லல. நானும் திறக்கல."

"சரி, அதுக்கு இப்ப என்ன..."

"குடு," என்றாள் பெரியவள்.

அவ்வளவு நேரம் பேசாதிருந்தவள் கையை நீட்டியதும் சின்னவள் குதூகலமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இங்க பாருக்கா, இந்த 'வைத்திலென்'னு சொல்றா பாரு, அதுல என்னன்னா..."

"நீ சொல்லாத. நானே படிக்கிறேன்."

தாள்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தையல் இயந்திரத்தின் பலகையில் விரித்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து, துணியில் தையல் பிரித்துப் பார்ப்பதுபோல விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தாள். கூடத்தில் நாத்தனார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். பெரியப்பா ஒரு தடவை, "பரீட்சையா எழுதப் போறா?" என்றார்.

சின்னவள் அறை வாசற்படியிலேயே நின்றாள்.

"வேலின்னா நம்ம வேலிதானே? 'காரிகை'ன்னா?"

"ஆமாக்கா. காரிகைன்னா பொண்ணு."

மறுபடி விரல் நகர்ந்தது. கால் மணி நேரம் கழித்துப் பெரியவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருக்கும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. ஆலையில் தையல் தவறிய சட்டையைப் பிடித்துப் பார்க்கும் பார்வை.

"முன்னாடி ரெண்டு பக்கம் இருக்கே, இத நீ படிச்சியா?"

"திருத்தினேனே."

"படிச்சியான்னு கேட்டேன். மழையில மேற்குச் சுவர் இடிஞ்சு விழுந்திருக்கு. இவளே மண் குழைச்சு எழுப்பியிருக்கா. வேலி கட்டியிருக்கா. மாடு காணாமப் போயி மூணு நாள் அலைஞ்சு பிடிச்சிட்டு வந்திருக்கா. ஏழு வருஷமும் இவளுக்குக் காத்திருக்க எங்கடி நேரம் இருந்தது?"

அந்தப் பக்கங்களில் சின்னவள் நாலு எழுத்தைத் திருத்தியிருந்தாள். சுவரைப் பார்க்கவில்லை.

"உன் கட்டுரையில பத்து வரிக்கு ஒரு தடவ அழுவா. இதுல ஒரு இடத்துலயும் அழல. நாலு வருஷம் உன் கட்டுரையக் கேட்டுட்டு, நமக்கு ஏன் அழுகை வர மாட்டேங்குது, நம்மகிட்ட ஏதோ கோளாறுன்னு நினைச்சிட்டு இருந்தேன்." பெரியவள் சத்தத்தை உயர்த்தவில்லை. "இப்ப இன்னொரு கட்டுரை கொண்டு வந்து கூடத்துல வாசிக்கிற."

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"தெரியும். சரி, கதவு சாத்தினதுக்கு அப்புறம்? மீதி எங்க?"

"அடுத்த பக்கம் வேற பொண்ணுக்குப் போயிருக்கு. எனக்கு மூணு பக்கம்தான்."

"அப்ப நீயும் கோடு போட்ட இடத்துலதான் நிறுத்தியிருக்க."

அறைந்திருந்தாலும் இவ்வளவு சுட்டிருக்காது. அவள் கோபம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி அவள் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

பெரியவள் தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உட்காரவில்லை.

"பெரியப்பா, ஞாயித்துக்கிழமை அவர் வர வேணாம். நான் போகல."

"பாத்தீங்களா," என்று எழுந்தாள் நாத்தனார். "ஒரு காகிதத்த நீட்டினா, குடும்பத்தைக் கெடுத்துட்டா."

"அண்ணி, பாட்டுல அவ கதவு சாத்தினான்னு நான் சாத்தல. பாட்டுல அவ உள்ள கூப்பிட்டு உட்கார வச்சிருந்தாலும் நான் கூப்பிட மாட்டேன். இந்த வீட்டு வாடகை நான் கட்டுறேன். அவர் வந்து என்னைக் கூட்டிட்டுப் போக, நான் யார் வீட்டுலயும் விட்டுட்டுப் போன சாமான் இல்ல."

பெரியப்பா புண்பட்ட முகத்தோடு பார்த்தார். "அப்ப எதுக்கும்மா எங்கள உட்கார வச்சிட்டு இவ்வளவு நேரம் படிச்ச?"

"நீங்க என்கிட்ட பொய் சொன்னீங்களான்னு பார்த்தேன்."

"நான் பொய் சொல்லலம்மா. எனக்குச் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்."

"அதுவும் தெரிஞ்சுது," என்று தாள்களை அவர் மடியில் வைத்தாள். "முதல் ரெண்டு பக்கத்துலேர்ந்து படிங்க."

பிறகு ஃபோனை எடுத்து அந்தப் புது எண்ணை அழுத்தினாள். யாரும் தடுக்கவில்லை. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் பேசுறேன். ஞாயித்துக்கிழமை வராதீங்க." அந்தப் பக்கம் குரல் எகிறியது வெளியே கேட்டது. தங்கச்சிதான் தூண்டிவிட்டாளா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

பெரியவள் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். "இல்ல. அவ இன்னும் முழுசா படிக்கவே இல்ல," என்றாள். "உங்க பெட்டி ரெண்டு இங்க இருக்கு. பெரியப்பா வீட்டுல குடுத்து வைக்கிறேன், எடுத்துக்குங்க."