வெள்ளைக் கார்டு வரட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிதீஷின் புதுக் கம்ப்யூட்டர் ஏழாவது தடவையாக உறைந்து நின்றது. விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் முப்பத்தேழு சதவீதம் என்று வந்தது. வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த புள்ளிகள் அப்படியே நின்றன. மவுஸை உருட்டினால் அம்பு அசையவில்லை. காலையில் பதினொன்றில் நின்றது, அதற்கப்புறம் அறுபத்திரண்டில் நின்றது, இப்போது இது. அவன் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான்.

"ஓடலயா கண்ணு?" என்று வாசற்படியிலிருந்து அப்பா ஆறுச்சாமி கேட்டார்.

"ஓடலீங்கப்பா."

அம்மா பாப்பாயி செத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. காரமடைக்குப் பக்கத்தில் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் இனி ஆறுச்சாமி ஒற்றை ஆள். பாலை அடுப்பில் வைத்தால் இறக்க மறந்துவிடுகிறார். சோற்றுக்கு உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இவரைத் தனியே விட்டுவிட்டு நிதீஷ் பெங்களூருக்குப் போக முடியாது. அவன் வேலை செய்யும் அனிமேஷன் கம்பெனியோ ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டது: வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் சொந்த மிஷினில் ஒரு மாதிரி வேலையைச் செய்து திங்கள் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் புதன்கிழமை ஆபீஸில் இருக்க வேண்டும்.

அந்த மிஷினைப் பற்றிச் சொன்னால் எரிச்சல்தான் வருகிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் இதயத்தில் வால்வு சரியில்லை, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதே நிதீஷ் முடிவு எடுத்துவிட்டான். கம்ப்யூட்டர் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்றான். நல்ல பிள்ளைதான், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும். பெட்டி வெள்ளை, ஃபேன் வெள்ளை, ரேம் வெள்ளை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் கறுப்பில்தான் கிடைத்தது. பட்டுச்சேலைக்கு ரவிக்கை தேடுகிற மாதிரி வெள்ளைக் கார்டுக்காக ஐந்து வாரம் காத்திருந்தான். மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாகக் காரமடைக்கு வந்து அலமாரியில் அடுக்காக உட்கார்ந்தன. வெள்ளைக் கார்டு வரட்டும், உடனே லீவு போட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பாப்பாயி ஒரு நாளும் 'எப்ப வருவ' என்று கேட்டதில்லை. "வெள்ளைக் கார்டு வந்துருச்சா கண்ணு?" என்றுதான் கேட்பாள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. கார்டு வருவதற்கு மூன்று நாள் முன்னால், விடியற்காலையில் சாணி தெளிக்கப் போனவள் வாசலிலேயே விழுந்துவிட்டாள். சாம்பல் கரைக்கப் பேரூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கூரியர்காரர் வாசலில் வந்து நின்று ஓடிபி நம்பர் கேட்டார். மொட்டையடித்த தலையோடு நிதீஷ் அதைச் சொன்னான்.

இரண்டரை மணிக்கு ஷாநவாஸ் வந்தார். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். கார்டு தவிர மற்றதையெல்லாம் அவரிடம்தான் வாங்கியது. கடைக்கு விடுமுறை என்றும் பாராமல், துக்க வீடு என்பதால் முப்பது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் வந்திருந்தார். முதலில் ஆறுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் பையைத் திறந்தார்.

"என்னென்ன பண்ணிப் பாத்தீங்க தம்பி?"

"பென்டிரைவ் ரெண்டு மாத்திட்டனுங்கண்ணா. டிஸ்க்கையும் வேற ஸ்லாட்ல போட்டுப் பாத்தேன். சூடும் ஏறல. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்துல நிக்குது."

"ஒரே இடத்துல நின்னா பென்டிரைவைச் சந்தேகப்படலாமுங்க. எடம் மாறி மாறி நின்னா ரேமத்தான் புடிக்கோணும்."

இரண்டு ரேமில் ஒன்றை ஷாநவாஸ் கழற்றி வைத்தார். மிச்சம் ஒன்றோடு விண்டோஸை மறுபடி ஏற்றினார். பதினொன்று போயிற்று, முப்பத்தேழு போயிற்று, அறுபத்திரண்டைத் தாண்டி எண்பதுக்கு வந்தது. நிதீஷ் மூச்சை விட்டான். அவர் பாதியில் நிறுத்தி, ரேமை மாற்றிப் போட்டார். இரண்டாவது ரேம் பத்தொன்பதில் உறைந்தது.

"ஆளு சிக்கிட்டான்" என்று ஷாநவாஸ் அதை வெளியே எடுத்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் போன் டார்ச்சை அடித்தார். ரேமின் அடிவிளிம்பில், போர்டில் போய் உட்காரும் இடத்தில், தங்க நிறத்தில் சின்னப் பல் வரிசை இருக்கும். அதன் மேல் அவர் பார்வை நின்றது. முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இதென்னங்க, என்னமோ பூசி காஞ்சிருக்குது? சந்தன வாசமா வருது. யாரு தம்பி இதைத் தொட்டது?"

நிதீஷுக்குச் சட்டென்று கோபம் வந்தது. யாரும் தொடக் கூடாது என்று அவன் எத்தனை தடவை சொல்லியிருந்தான்! அந்த வீட்டில் பைக் வந்தாலும் மிக்ஸி வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்ச் போட மாட்டார்கள். கிணற்று மோட்டாருக்குக்கூட வருஷம் தவறாமல் பொட்டு உண்டு. முதல் பெட்டி வந்த அன்றே பாப்பாயி போனில் கேட்டாள், பிரித்துப் பொட்டு வைக்கட்டுமா என்று. "ஒண்ணையும் தொட்டுப்போடாதீங்கம்மா, கெட்டுப்போயிரும்! வேணும்னா அட்டைப்பெட்டி மேல வெச்சுக்கங்க" என்று கத்தினான். அப்படியே வைத்தாள். அலமாரியில் இருந்த எல்லா அட்டைப்பெட்டியிலும் பொட்டு இருந்தது.

ஆறுச்சாமி உள்ளே வந்தார்.

"உன்ர அம்மாதான் வெச்சா."

இருவரும் திரும்பினார்கள்.

"பொட்டு வெக்காத பொருளு எப்படிங்க ஓடும்னு எங்கிட்டச் சண்டைக்கு வந்தா. மத்ததெல்லாம் சீல் ஒட்டுன பெட்டி, பிரிச்சா நீ கண்டுபுடிச்சுருவ. இது மட்டும் தொறந்து மூடற பிளாஸ்டிக்கு. குங்குமம் வெச்சா செவப்பாத் தெரியும்னு சந்தனத்த மட்டும் தொட்டா. அதையும் அந்தத் தங்கக் கலருலயே பாத்துப் பாத்து வெச்சா, உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவதுக்கு வெக்கறக்குள்ள உன்ர போனு அடிச்சுது. பயந்துபோயி வெடுக்குனு மூடி வெச்சுட்டா. அப்பறம் அதத் தொறக்கவேயில்ல. சொன்னாச் சத்தம் போடுவீன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டா."

நிதீஷுக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஓடாமல் போனதற்குக்கூட அவன் வருந்தவில்லை. அம்மா தன் போனுக்குப் பயந்திருக்கிறாள். ஐந்து வாரம் காக்கவைத்த பிள்ளை போனில் கூப்பிட்டபோது, சந்தனக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல "வெள்ளைக் கார்டு வந்துருச்சா கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். அதை அவனால் தாங்க முடியவில்லை. ரேமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். காய்ந்த சந்தனத்தில் சுண்டுவிரல் ரேகை மெல்லிய கோடுகளாகப் படிந்திருந்தது.

ஷாநவாஸ் டார்ச்சை அணைத்தார். "இது தெரியாம நான் பாட்டுக்குப் பேசிப்போட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. ரேம் நல்ல ரேம்தானுங்க. பென்சில் ரப்பர்ல தேச்சா சரியாயிரும்."

"தேய்க்காம... வேற ரேம் கெடைக்குமாங்கண்ணா?"

"இப்ப கடையில ஸ்டாக் இல்லீங்க. சொல்லிவிட்டா நாலு நாளாகும். ஒத்தை ரேம்ல ஓட்டலாம், ஆனா உங்க வேலை பெரிய வேலை, பாதியில நின்னுக்கும்."

நாலு நாள் இல்லை. ஒரு நாள்தான் இருந்தது. நிதீஷ் அப்பாவைப் பார்த்தான். போ என்றும் அவர் சொல்லமாட்டார், இரு என்றும் சொல்லமாட்டார்.

"தொடச்சுப்போடு கண்ணு" என்றார் ஆறுச்சாமி. "ஓடோணும்னுதான அவ வெச்சா."

ஷாநவாஸ் பையிலிருந்து வெள்ளை ரப்பரை எடுத்துக் கொடுத்தார். தானே தேய்க்க அவருக்கு மனம் வரவில்லை. நிதீஷ் ஜன்னல் திண்டில் ரேமை வைத்துத் தேய்த்தான். நாலு தேய்ப்பில் ரேகை போய்விட்டது. ஆறாவது தேய்ப்பில் பல் வரிசை பளிச்சென்று தெரிந்தது. ரப்பரின் ஒரு முனை மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஆறுச்சாமி அதைக் கேட்டு வாங்கினார். உள்ளே போய், பாப்பாயியின் சந்தனக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வந்தார்.

இரண்டு ரேமையும் மாட்டினார்கள். பதினொன்று, பத்தொன்பது, முப்பத்தேழு, அறுபத்திரண்டு. எங்கேயும் நிற்கவில்லை. நூறு வந்தது. மிஷின் தானாக அணைந்து மறுபடி எழுந்தது, திரையில் நீல வெளிச்சம் பரவியது. பெட்டியின் கண்ணாடிக்குள்ளே வெள்ளைக் கார்டின் விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின. எந்தக் குறையும் இல்லாத மிஷின். இந்த அழகுக்காகத்தான் ஐந்து வாரம்.

"ஓடிருச்சு தம்பி" என்று ஷாநவாஸ் அவன் முதுகைத் தட்டினார். "ஊட்டுல சொல்லிருங்க."

கடையில் எல்லாரிடமும் சொல்லிப் பழகி, வாய் தவறி வந்த வார்த்தை. சொன்ன மறுகணமே அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் நிதீஷின் கை அதற்குள் போனை எடுத்திருந்தது. கைக்கு அந்த ஒரு நம்பர்தான் தெரியும். என்ன செய்கிறோம் என்று புத்திக்கு எட்டுவதற்குள் அது 'அம்மா' என்ற பேரை அழுத்திவிட்டது.

சமையல்கட்டில், ஃபிரிட்ஜ் மேலே, ஆறுச்சாமி தினமும் தவறாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்த போன் அடித்தது. அவர் எழுந்து போகவில்லை. நிதீஷும் கட் செய்யவில்லை. காதில் வைத்த போனோடு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. பயந்து எதையும் மூடிவைக்க அங்கே ஆள் இல்லை.