ஆடா, எருமையா?

...இல்லை, வாயைத் திறக்கவே கூடாது, ஊசியைக் குத்தினோமா நகர்ந்தோமா என்று இருக்க வேண்டும்... பிரியங்கா, கட்டிலில் கிடந்த பிள்ளையின் புறங்கையில் நரம்பைத் தேடினாள், எதிரே காஞ்சனா, கூட வேலை பார்க்கும் நர்ஸ், கட்டிக்கொள்ளப்போகிற ஹேமநாத்தின் தங்கை, தை வந்தால் நாத்தனார், இப்போதே வார்டு முழுக்கக் கேட்க "அண்ணி" என்றுதான் கூப்பிடுகிறாள், அவளுக்கு மட்டும் தெரிந்தால் கல்யாணம் நிற்குமா, நடக்குமா? பிள்ளையின் அம்மா கிருஷ்ணம்மா திருப்பதி மலையடியில், அலிபிரியில் பாசிமணி விற்கும் நரிக்குறத்தி, டாக்டரிடம் தெலுங்கு, காஞ்சனாவிடம் தமிழ், பக்கத்துக் கட்டில் யாத்திரைக்காரரிடம் இந்தி, இந்த அவசரத்திலும் அவருக்கு ஒரு மாலையை விற்றுவிட்டாள், ஆனால் பிள்ளையிடம் குனிந்ததும்... வாக்ரி. எழுத்தே இல்லாத பேச்சு, எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தராதது, சுற்றிலும் இத்தனை தமிழும் தெலுங்கும் இரைய, எத்தனை ஊர் தாண்டி, எத்தனை தலைமுறை தாண்டி, துளி நனையாமல் எப்படி வந்து சேர்ந்தது இந்தக் கட்டில் வரைக்கும்? தன் வீட்டுப் பேச்சும் அதுதான், ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே அதை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்திருந்தாளே...

"இன்னா அண்ணி, தடவிக்கினே கீற? ஏம்மா, நீ திரைக்கு அந்தாண்ட போ, உன்னப் பாத்துத்தான் இது இப்பிடிக் கத்துது!"

கிருஷ்ணம்மா நகர்ந்ததும் பிள்ளை துள்ளியது, உடம்போ கொதிக்கிறது, மருந்து இறங்கியாக வேண்டும், அப்போதுதான் அது வாய்க்குள் வந்து நின்றது, நைனா வலை விரித்துவிட்டுக் காதோடு சொல்வது, காடை வருது, அசையாதே... வாக்ரியில் சொல்லியேவிட்டாள். பிள்ளை உறைந்தது. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டது. வலையையே பார்த்திராத அலிபிரிப் பிள்ளை, இதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஊசி இறங்கிவிட்டது.

திரைக்கு அப்பாலிருந்து வாக்ரியில் கேள்வி வந்தது, பேர் கேட்பதற்கும் முன்னால் அவர்கள் கேட்பது, உங்கள் சாமிக்குப் பலி ஆடா, எருமையா? ஒரே பலி என்றால் பங்காளி, வேறு என்றால் சம்பந்தம் செய்யலாம்.

"எருமை" என்றாள், யோசிப்பதற்குள், அதே பேச்சில்.

"நாங்க ஆடு!" கிருஷ்ணம்மா வாக்ரியிலேயே சொல்லிச் சிரித்தாள். "அப்ப நீ எங்களுக்கு முறை ஆவுற!"

காஞ்சனா கையிலிருந்த பிளாஸ்டரை ஒட்ட மறந்து நின்றாள். "அண்ணி... அது இன்னா பேச்சு? அவ இன்னா கேட்டா?"

சொல்லிவிடலாம், சமாளிக்கவும் செய்யலாம், நாள் முழுக்கப் பேசுகிற பாஷைதானே... பிரியங்கா தேடினாள், பிள்ளையின் கையை விடாமல் தேடினாள், தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை.