பாதி ஆற்றுக்கு அப்பால்

1.

இந்தக் கதையைச் சுவர் வழியாகத் திருடினேன். பிரைலா நகரில், டான்யூப் ஆற்றை ஒட்டிய பழைய கட்டடத்தில், நான் எழுதும் அறைக்கும் ஸ்மராண்டாவின் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் வாழ்க்கைப் பயிற்சியாளர். தன்னிடம் வருகிறவர்கள் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரும்வரை கேள்வி கேட்பாள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று மட்டும் சொல்லவே மாட்டாள். அது அவள் வைத்திருந்த விதி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ரோடிகா ஆற்றைப் பார்த்தபோது ஆறும் அவளை...

வேண்டாம். ஆறு யாரையும் பார்க்கவில்லை.

2.

ரோடிகா தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். வயது ஐம்பத்திரண்டு. நீச்சல் தெரியாது. ஆற்றை நீந்திக் கடக்க வேண்டும் என்று வந்தாள்.

"அக்கரையில என்ன இருக்கு?" என்று கேட்டாள் ஸ்மராண்டா.

"ஒண்ணுமில்ல மேடம். நாலு மரம், நிறைய கொசு."

"அப்புறம் எதுக்கு?"

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் யாராவது சொல்லிச் செஞ்சது. இத யாரும் சொல்லல."

(உண்மையில் இதைவிடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். நான் நேராக்கிவிட்டேன். கெட்ட பழக்கம்.)

ஸ்மராண்டாவுக்கும் நீச்சல் தெரியாது. "இந்த வாரம் உங்களால என்ன முடியும்?" என்று மட்டும் கேட்டாள். முதல் வாரம், நீச்சல்குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் முடிந்தது. மார்ச்சில் பத்து மீட்டர். ஜூலையில் ஒரு கிலோமீட்டர். அன்று சுவருக்கு இந்தப் பக்கம் கைதட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

3.

ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை, எதிரே இருந்த காலி நாற்காலிக்கு மாறி உட்கார முடியுமா என்று ரோடிகாவிடம் கேட்டாள் ஸ்மராண்டா. எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சிதான்.

"நீங்க கடந்துட்டீங்க. அக்கரையில நிக்கிறீங்க. அங்கேருந்து என்ன சொல்வீங்க?"

நாற்காலி நகர்ந்தது. பிறகு வந்தது ரோடிகாவின் குரல்தான், ஆனால் அவளுடைய படபடப்பு அதில் இல்லை.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"பாதிவரைக்கும் குளிரு. அப்புறம் குளிரே இல்ல."

"பாதியில என்ன ஆச்சு?"

"அவ பயந்துட்டா."

"யாரு?"

"உங்ககிட்ட வந்துட்டிருந்தாளே, அவதான்."

(இந்த இடத்தில் சுவரிலிருந்து காதை எடுத்தேன். எனவே அடுத்த சில நிமிடங்கள் கதையில் இல்லை.)

4.

இதற்கப்புறம் நடந்ததை ஸ்மராண்டாவே என் கதவைத் தட்டிச் சொன்னாள். "எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டுட்டுத்தானே இருந்தே. மிச்சத்தையும் கேளு."

போகாதீர்கள் என்று சொல்ல மூன்று முறை தொலைபேசியை எடுத்தாளாம். ஆனால் அது தன்னுடைய பயம், ரோடிகாவின் விருப்பம் அல்ல. வைத்துவிட்டாள். துணைக்குப் படகு வரட்டுமா என்று மட்டும் கேட்டாள். ரோடிகா சரி என்றாள்.

ஞாயிறு காலை. படகுக்காரன் நேலு சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி பக்கத்திலேயே படகை ஓட்டி வந்தான். ஸ்மராண்டா அக்கரையில் துண்டோடு காத்திருந்தாள். நடு ஆற்றில் ரோடிகாவின் தலை ஒருமுறை தண்ணீருக்குள் போயிற்று. நேலு எழுந்து நிற்பதற்குள் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் நீந்தியது அவ்வளவு அழகாக இருந்ததாம்.

கரையேறினாள். மூச்சு வாங்கவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு, படகைக் கட்டப்போன நேலுவைப் பார்த்தாள்.

"கட்டாதப்பா. அவள விட்டுட்டு வந்துட்டியே."

"யாரக்கா?"

"நடுவுல கிடக்கா. கைய ஆட்டுறா, தெரியலையா?"

நேலு திரும்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. என்ன தெரிந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஸ்மராண்டா ஆற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம், நான் போகவா, வேணாமா? நீங்க சொல்லுங்க," என்றான்.

5.

'போ' என்று ஒரு முடிவு எழுதினேன். 'வேண்டாம்' என்று இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். ரோடிகா இன்றும் தபால் நிலையத்தில் இருக்கிறாள், முன்னைவிடச் சந்தோஷமாக. ஸ்மராண்டா அன்று வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு இன்னது செய் என்று சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும்; எழுத மாட்டேன். நேலு கயிற்றைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல இப்போது கரையில் இருப்பது நீங்கள்தான்.