ஏலம் என்று காதில் விழுந்தது

ராக்கையாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இந்த முறை சந்தேகம் வேல்பாண்டி மேல்.

இருவரும் அனுமந்தன்பட்டிக்காரர்கள். ராக்கையா எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். வேல்பாண்டி போடியில் ஏலக்காய்க் கடையில் மூட்டை தைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கண்மாய் மடைச் சுவரில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவார்கள். மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்காரர் முத்துராமலிங்கத்துடையது. பழக்கத்துக்காக இந்த இரண்டு பேரை மட்டும் அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்.

சில வாரங்களாக வேல்பாண்டிக்கு மட்டுமே ரோகு மீன் விழுந்தது. இத்தனைக்கும் இருவர் தூண்டிலும் ஒரே மாதிரிதான். ஈயக்குண்டை நரம்பில் ஓடுகிற மாதிரி கோத்து, கீழே ஒரு முடிச்சு, ஒரு சாண் தள்ளி முள். மீன் இரையைக் கவ்வி நகரும்போது குண்டு தரையிலேயே கிடக்கும், கனம் தெரியாது. இந்தக் கட்டைக் கண்டுபிடித்தது தானே என்று ராக்கையா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார், அது உண்மையில்லை என்றாலும். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார். அவன் முள்ளை வாங்கித் தடவிப் பார்த்தார். இரைக்குப் புண்ணாக்கையும் மைதாவையும் பிசையும்போது மட்டும் வேல்பாண்டி முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"என்னலே போடுற அதுல?"

"நீங்க போடுறதுதேன்ணே."

ராக்கையா இதை நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வீட்டு வாசலில் ராக்கையா செருப்பைக் கழற்றும்போது, உள்ளே வேல்பாண்டி தன் மனைவி பஞ்சம்மாளிடம் பேசுவது கேட்டது.

"ஏலத்தப் பத்தி ராக்கையா அண்ணன்கிட்ட வாயத் தொறந்துறாத. ஞாயித்துக்கெழம வரைக்கும் தெரியவே கூடாது."

திங்கட்கிழமை கண்மாய்க் குத்தகை ஏலம். ராக்கையாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூடவே உட்கார்ந்து மீன் கிடக்கும் இடத்தை நோட்டம் பார்த்திருக்கிறான். இனிக் கண்மாயை எடுத்து, நம்மையே கரையிலிருந்து விரட்டுவான். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே முத்துராமலிங்கம் வீட்டுக்குப் போனார்.

"வேல்பாண்டி உங்க கண்மாய ஏலம் எடுக்கப் போறான். என் காதால கேட்டேன்."

முத்துராமலிங்கம் வெற்றிலையைத் துப்பினார். "அப்பிடியா சங்கதி. இனி தூண்டிலத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மடையில் ராக்கையா தனியாக இருந்தார். நிம்மதியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்து மணிவாக்கில் பஞ்சம்மாள் ஒரு டப்பாவோடு வந்தாள். திறந்ததும் பாயசம் வைத்த வீடு மாதிரி மணத்தது.

"ஏலம் போட்டுப் பெசஞ்ச இரைண்ணே. கடையில கூட்டித் தள்ளுற ஏலக்காத் தூசி. அந்த வாசத்துக்குத்தேன் மீனு வருது. நேராச் சொன்னா, என் இரையவா கொற சொல்றன்னு கோவிப்பீகளாம். இன்னைக்கு நீங்க அசந்த நேரம் உங்க முள்ளுல வச்சு விடணும்னு இருந்தாக."

ராக்கையா டப்பாவை வாங்கி மூடினார். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது.

"வேல்பாண்டி வரலையா?"

"அவுகளக் கரையில கால் வைக்கக் கூடாதுன்னுட்டாகளே. யாரோ கோள் சொல்லியிருக்காக."

அப்போதும் அவருக்குச் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது. "யாரு சொன்னாகன்னு அவனுக்குத் தெரியுமா?"

பஞ்சம்மாள் தண்ணீரைப் பார்த்தாள்.

"தெரியும்ணே. தெரிஞ்சுதேன் இதக் குடுத்துட்டு வரச் சொன்னாக."