பல்லைப் பார்த்து விருந்து

பல் டாக்டருக்கு வெள்ளிப் பைத்தியம் பிடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. சும்மா வெள்ளி இல்லை, டச்சு வெள்ளி. அதிலும் தட்டு, கிண்ணம், மெழுகுவர்த்தித் தண்டு என்று கண்டதையும் வாங்கிக் குவிக்கிற ஆள் இல்லை அவர். முள்கரண்டி மட்டும்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு டச்சு வியாபாரி தன் வீட்டு விருந்துக்கென்று செய்துவைத்த பன்னிரண்டு முள்கரண்டிகள். ஒவ்வொன்றின் காம்பிலும், பின்பக்கத்தில், இரண்டு எழுத்துகள் பின்னிப் பிணைந்து கிடக்கும். பக்கத்திலேயே மிளகளவுக்கு ஒரு சிங்க முத்திரை. அந்தப் பன்னிரண்டில் பதினொன்று டாக்டர் வீட்டு அலமாரியில் நீல வெல்வெட்டில் படுத்துக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் அவ்வளவு சொகுசாகப் படுப்பது அவை மட்டும்தான்.

பழம்பொருள் கடைக்காரர் வருஷத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்து தருவார். கூடவே, எங்கெங்கே அலைந்தார், யார் யார் காலில் விழுந்தார் என்று ஒரு கதையும் வரும். டாக்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்.

"பன்னிரண்டும் மொத நாள்லேருந்தே அந்தாளு கடைப் பெட்டிக்குள்ளதான் இருந்திருக்கும்" என்பாள் டாக்டரின் மனைவி. "வருஷா வருஷம் உங்க காதுல பூ சுத்திட்டுப் போறாரு. நீங்களும் காதைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க."

அவளுக்கு வெள்ளி மேல் கோபம் கிடையாது. அவள் ஆசையே வேறு. சமையலறை இழுப்பறையில் கிடந்த கோணல் மாணல் எவர்சில்வர் முள்கரண்டியில் குத்திக் குத்தித் தின்று அலுத்துப்போனவள் ஒருநாள் கேட்டாள்: "அந்த வெள்ளி ஃபோர்க்கை வெச்சு ஒரே ஒரு வேளை சாப்பிடக் கூடாதாங்க?"

"செட்டு முழுசாகட்டும்டி. பன்னிரண்டும் சேந்த அன்னைக்குப் பெரிய விருந்து. நீ ராணி மாதிரி உக்காந்து சாப்பிடற" என்றார் டாக்டர்.

பாவி மனுஷன், போகிறபோக்கில் சொன்னதுதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். விருந்துக்கென்று பச்சை நிறத்தில் ஒரு உடை தைத்து வைத்தாள். ஐந்தாவது முள்கரண்டி வந்த வருஷம் அது இறுக்கமாகிவிட்டது, பிரித்துத் தைத்தாள். ஒன்பதாவது வந்தபோது மறுபடியும் பிரித்தாள். இனிப் பிரிக்கத் துணி இல்லை என்ற நிலையில், நல்லவேளை, பன்னிரண்டாவது வந்து சேர்ந்தது.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ஒரு நோயாளிக்கு வலது பக்கத்துக்குப் பதில் இடது பக்கம் மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் வேறு யோசனை வந்தது. விருந்து என்றால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் என்றால் வாய் இருக்கும், வாய்க்குள் பல் இருக்கும். முப்பது வருஷமாக ஊர் வாய்க்குள் எட்டிப் பார்த்தவருக்கு, மனுஷன் முள்கரண்டியை என்ன பாடுபடுத்துவான் என்று தெரியாதா? கடிப்பான், முன்பல்லால் வழிப்பான், நறநறவென்று இழுப்பான். வெள்ளியோ மிருதுவான சாமான், பல் பட்டால் பள்ளம் விழும்.

மறுநாள் கிளினிக்கில் உட்கார்ந்து, நோயாளிகளின் கார்டு பெட்டியை மேஜை மேல் கவிழ்த்தார். ஒவ்வொரு கார்டிலும் முப்பத்திரண்டு கட்டம், எந்தப் பல் இருக்கிறது, எந்தப் பல் போய்விட்டது என்ற விவரம். பல்செட்டுக்காரர்கள், ஈறு வீங்கியவர்கள், கடிக்கவே பயப்படுகிறவர்கள் என்று பொறுக்கி எடுத்தார். முன்பல் நாலும் ஆடும் தையல்காரர் உள்ளே. மேலும் கீழும் முழு செட்டு வைத்திருக்கும் பள்ளித் தலைமையாசிரியை உள்ளே. கோபம் வந்தால் பல்லைக் கடிக்கும் இன்ஸ்பெக்டர் வெளியே. கடைவாய்ப் பல்லால் பாட்டில் மூடியைத் திறக்கும் சொந்த மச்சான், அவன் தெருவிலேயே நிற்கட்டும்.

"டாக்டர், இது விருந்தா, இலவச மருத்துவ முகாமா?" என்றாள் நர்ஸ்.

"நீ உன் வேலையைப் பாரு." பதினோரு கார்டு தேறியது. தன்னோடு சேர்த்தால் பன்னிரண்டு. கச்சிதம்.

"மொத்தம் எத்தனை பேருங்க?" என்றாள் மனைவி.

"பன்னிரண்டு. எல்லாம் குழைவா இருக்கணும், என்ன? எலும்பு ஆகாது, கொட்டை ஆகாது."

"விருந்துக்குச் சமைக்கணுமா, ஜுரக்காரனுக்குக் கஞ்சி காய்ச்சணுமா?" என்று முணுமுணுத்தாலும், அவள் மூன்று நாள் அடுப்படியிலேயே கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு முள்கரண்டி, முள் எல்லாம் கீழே பார்த்தபடி.

"கவுத்து வெச்சிருக்கீங்களே டாக்டர்" என்றார் தலைமையாசிரியை.

"அந்தக் காலத்து டச்சுக்காரங்க அப்படித்தாங்க வெப்பாங்க. பின்பக்கம் இருக்கிற எழுத்து விருந்தாளி கண்ணுல படணும்ல!" டாக்டரின் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது.

சாப்பாடு ஆரம்பித்தது. ஒரு 'டக்' இல்லை, ஒரு 'டிக்' இல்லை. பதினோரு வாயும் பூனைபோல் மென்றன. டாக்டர் கண்ணை மூடி அந்த நிசப்தத்தை ரசித்துக்கொண்டிருந்தபோது, தையல்காரர் பக்கத்தில் திரும்பினார்.

"எனக்கு முன்பல்லு ஆடுது. உங்களுக்குச் செட்டாங்க?"

"மேலயும் கீழயும்" என்றார் தலைமையாசிரியை. "எதிர்ல இருக்கிறவருக்கும் செட்டுதான். அவருக்கு அந்தப் பக்கமும்... என்ன டாக்டர், இங்க நல்ல பல்லு உள்ளவங்க யாருமே இல்லையா?"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் அசடு வழியச் சிரித்தார். "அது வந்து... வெள்ளி கொஞ்சம் மிருதுவான சாமான். அதான், கார்டைப் பார்த்து..."

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளேயிருந்து வந்தாள். பச்சை உடை, வாரிக் கட்டிய தலை, கையில் கடைசிப் பாத்திரம். அதை மேஜையில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்கார நாற்காலியைத் தேடினாள். பன்னிரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது.

இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். டாக்டரும் அவள் கண்ணோடு கூடவே எண்ணினார்.

"உனக்கு... உனக்கு கார்டு இல்ல" என்று உளறினார்.

"என்ன கார்டு?"

தையல்காரர்தான் மென்று முழுங்கிச் சொன்னார். பல்லு கார்டைப் பார்த்துத்தான் டாக்டர் ஆள் கூப்பிட்டிருக்கிறார், அம்மா.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "முப்பது வருஷமா உங்க கிளினிக் நாற்காலியில நான் உக்காந்ததே இல்ல. ஒரு சொத்தை கிடையாது, ஒரு ஆட்டம் கிடையாது. 'எம் பொண்டாட்டி பல்லைப் பாருங்க'ன்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டீங்க. ஒரே ஒரு பல்லு கெட்டுப் போயிருந்தா இன்னைக்கு என்னைக் கூப்பிட்டிருப்பீங்க, இல்ல?"

டாக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேண்டுமென்று விட்டிருந்தால்கூட ஒரு சமாதானம் சொல்லலாம். மறந்தே போனதற்கு என்னத்தைச் சொல்வது?

"எந்திரிங்க" என்றாள்.

எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். தட்டை மாற்றச் சொன்னாள், மாற்றினார். பரிமாறச் சொன்னாள், பரிமாறினார். பன்னிரண்டாவது முள்கரண்டியை எடுத்து ஒரு வாய் வைத்தாள். டங்!

டாக்டரின் தோள் துள்ளியது.

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"கேக்கட்டும்." அடுத்த வாய். டங்! முப்பத்திரண்டு பல்லும் ஒரு வாய் விடாமல் வேலை செய்தன. டாக்டர் சமையலறைக்குப் போய், கோணல் எவர்சில்வரை எடுத்து, சட்டியில் ஒட்டியிருந்ததை நின்றபடியே வழித்துத் தின்றார்.

விருந்தாளிகள் போனதும் எல்லாவற்றையும் அவரே கழுவினார். பன்னிரண்டாவதின் ஓர முள்ளில் இரண்டு பள்ளம் தெளிவாக விழுந்திருந்தது. பதினொன்றையும் வெல்வெட்டில் வைத்தார். அதை மட்டும் துடைத்து சமையலறை இழுப்பறையில், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில், போட்டார்.

பிறகு பையிலிருந்து ஒரு புதுக் கார்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்தார். அவள் காலை நீட்டி, டம்ளரிலிருந்த ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் பெயரை எழுதினார். முப்பத்திரண்டு கட்டத்திலும் சரி போட்டார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"என்ன தொந்தரவுன்னு போடணும்" என்றார் மெதுவாக.

"புருஷன்னு போடுங்க."

போட்டார். "எத்தனை நாளா?"

"முப்பது வருஷமா." அவள் ஐஸ்கட்டியை நறுக்கென்று கடித்தாள். "ஆனா இன்னைக்குத்தான் வலிச்சுது."

அதையும் எழுதினார்.