கேக்குதா முனீஸ்வரி

தேனியில் ஒரு பண்பலை வானொலியில் ஆறு வருஷமாகச் சகாய பிரவீன் பெண்டாட்டியை அதட்டிக்கொண்டிருந்தான். "கேக்குதா முனீஸ்வரி?" என்பான். பதிலுக்கு ஒரு பாத்திரம் ணங்கென்று விழும். அவ்வளவுதான் முனீஸ்வரி. அவளுக்குக் குரலே கிடையாது. சாம்பாரில் உப்பில்லை என்றால் கரண்டி உருளும். அவள் பிறந்த வீட்டைப் பழித்தால் குக்கர் மூடி பறக்கும். டவுன் பஸ்ஸிலும் சலூனிலும் ஜனங்கள் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி ஒன்று அதை நாடகமாக எடுக்க வந்தது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீட்டைப் பிடித்தார்கள். முனீஸ்வரியாக நடிக்க அல்லிநகரத்து அனுசுயா வந்தாள். "ரேடியோவுல இருந்த மாதிரியே இருக்கட்டும் சார். அவங்க பேசவே வேணாம்" என்றார் இயக்குநர் கார்த்திக்ராஜ். பிரவீனுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

ஆனாலும் படப்பிடிப்பு தொடங்கிய காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். வாங்கிய டீயைக் குடிக்காமல் ஆறவிட்டான்.

சட்டைப் பொத்தான் காட்சியைத்தான் முதலில் எடுத்தார்கள். வானொலியில் பேர்போன காட்சி. பிரவீன் கத்தினான். அடுப்படியில் நின்ற அனுசுயா தட்டைக் கீழே போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி எடுத்தார்கள். விளக்குப் பிடித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மேக்கப் போடும் யுவராணி, "பாவம் அந்தப் பொண்ணு" என்று மெல்லச் சொன்னது அவன் காதில் விழுந்தது.

மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். முன்னால் ஒருவன் இளித்துக்கொண்டு கத்துகிறான். பின்னால் ஒரு பெண் தலை குனிந்தபடி தட்டை எடுக்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அனுசுயா பக்கத்தில் வந்தாள். "அண்ணே, இந்த எடத்துல நான் கோவமா இருக்கணுமா, பயந்துக்கிட்டு இருக்கணுமா? அத மட்டும் சொல்லிருங்க."

பிரவீன் மைக்கைக் கழற்றிக் கொடுத்தான். தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ராயப்பன்பட்டியில் தன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் மனைவி பெனிஷா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் வானொலியில் பாத்திரத்தைக் கீழே போட்டுச் சத்தம் கொடுத்தது அவள்தான்.

"ஏ பெனிஷா, நான் கத்துறப்ப நீதான பாத்திரத்தப் போட்ட? அப்ப உனக்குச் சிரிப்பு வந்துச்சா?"

"மொதல்ல வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க வீட்லயும் அப்படியே கேக்க ஆரம்பிச்சீக. சொந்தக்காரவுக முன்னாடி, உனக்குக் காது கேக்குதான்னு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சேந்து சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

பிரவீன் எழுந்தான், உட்கார்ந்தான். ஒரு பூண்டை எடுத்து உரிக்காமலே வைத்தான்.

"சரி, முனீஸ்வரி வாயத் தொறந்தா என்ன சொல்லுவா?"

"எந்த எடத்துக்கு?"

"பொத்தான் அந்துபோன எடம். இதக்கூடப் பாக்காம நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியாம்பேன்."

அவள் நிமிரக்கூட இல்லை. "அத அத்துவிட்டது உங்க தொந்தி. அதுகிட்டயே போயிக் கேளுங்கன்னு சொல்லுவா."

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. அவன் எழுதிய எதையும்விட அது நன்றாக இருந்தது. அடுத்த காட்சியைக் கேட்டான், அதற்கும் சட்டென்று பதில் வந்தது. யோசிக்கவே இல்லை அவள். இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று அவனுக்குத் திக்கென்றது.

முனீஸ்வரி பேசட்டும் என்று மறுநாள் பிரவீன் சொன்னதும் கார்த்திக்ராஜ் தயங்கினார். "உங்க காமெடி போயிடும் சார்."

"போகட்டும். ஒரு தடவ எடுத்துப் பாருங்க."

அனுசுயா அந்தப் பொத்தான் பதிலைச் சொன்னதும் கேமராக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக் காட்சியைக் கெடுத்துவிட்டார். வீடே சிரித்தது. இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரிக்க நிற்பது பிரவீனுக்குப் புதிது. காது மடல் சுட்டது. ஆனாலும் அடுத்த காட்சிக்குச் சட்டை மாற்றப் போனான்.

வசனம் எழுதியவர் என்று அவள் பேரையும் போடச் சொல்லட்டுமா என்று அன்று சாயங்காலம் பெனிஷாவிடம் கேட்டான்.

"போடுங்க. எங்கப்பா இனிஷியலோட போடுங்க" என்றாள் பெனிஷா.

நாடகம் வந்த அன்று வீடு நிறைய உறவினர். பேர் ஓடும்போது அவன் அம்மா ஆரோக்கியம்மாள், "இது யாருடா இன்னொரு பெனிஷா?" என்று கேட்டாள்.

"நாந்தான் அத்த" என்றாள் பெனிஷா.

பிரவீனால் உட்கார முடியவில்லை. முற்றத்துக்குப் போய் இருட்டில் மேலும் கீழும் நடந்தான். உள்ளே சிரிப்பு வெடித்தது. எந்த இடத்துக்கு என்று அவனுக்குத் தெரியும். உதட்டுக்குள் அந்தப் பொத்தான் வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். விளம்பரம் முடிந்த சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் கதவோரமாக நின்றுகொண்டான்.